மேகத்துக்கு மேலே பூர்ணிமா

மொட்டைமாடியில் நான், என் மனைவி கோவிந்தம்மாள், என் தம்பி மதியழகன் மூவரும் நின்றோம். மேகத்துக்குள் மழை உருவாவதை ஆராயும் சிறிய ரேடாருடன் என் மகள் பூர்ணிமா அன்று எங்கள் ஊர் ஒடுகத்தூருக்கு மேலே விமானத்தில் பறந்தாள். அவள் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது.

மேகம் மூடியிருந்ததால் விமானத்தின் சத்தம் மட்டுமே கேட்டது. கோவிந்தம்மாள் அந்தப் பக்கம் பார்த்துச் சிவப்புப் புடவையை ஆட்டினாள்.

"இன்னா அண்ணி, பஸ்ஸையா நிறுத்துறீங்க?" என்றான் மதியழகன். அவள் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

சாயங்காலம் பூர்ணிமா போனில் பேசினாள். "ரேடார்ல மழைத்துளிதாம்பா தெரிஞ்சுது. நம்ம வீடு தெரியல. ஜன்னல்லயே கண்ண வச்சுனு இருந்தேன்."

மேகம் பெய்யாமலே ஆந்திரா பக்கம் போய்விட்டது. அவளுடைய ரேடார்தான் விரட்டியது என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். மேகத்தைக் கொண்டுபோனது காற்று. எங்கள் வீட்டுப் பெண் யாருடைய மழையையும் கெடுக்கவில்லை.