பால் பொங்கிய வீடு

தென்காசி தனி மாவட்டமான பிறகு, மேலகரத்துக்கும் இலஞ்சிக்கும் நடுவே கிடந்த வயல்களுக்கெல்லாம் திடீரென்று 'நகர்' என்று பெயர் வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வராது, தெருவிளக்கு எரியாது, பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று நிற்கும். அப்படி ஒரு நகரில்தான் சங்கரேஸ்வரி வீடு கட்டினாள். கட்டினாள் என்பது ஒரு பேச்சுக்கு. செங்கல் சுமந்ததும், கலவை சுமந்ததும், சுவர் காயாமல் தண்ணீர் விட்டதும் சந்தனமாரி.

சந்தனமாரியும் புருஷன் பேச்சிராஜும் திருவேங்கடம் பக்கத்துக்காரர்கள். மழையில்லாத கரிசலில் கூலியும் இல்லாமல் போகவே, இங்கே பிழைக்க வந்தவர்கள். பேச்சிராஜ் அந்த வீட்டுக்குக் காவலும் இருந்தான். மனையோரத்துத் தார்ப்பாய்க் கொட்டகையில்தான் அவர்கள் மகள் முத்துலட்சுமி பிறந்தாள்.

"பால்காய்ச்சு முடிஞ்சதும் பின்னால மோட்டார் ரூம்ல இருந்துக்கிடுங்க. வீட்டுக்கும் ஆள் வேணும்லா" என்று சங்கரேஸ்வரி சொல்லியிருந்தாள். தலைக்கு மேல் கான்கிரீட், காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை, தாழ்ப்பாள் போட ஒரு கதவு. தொட்டிலை எந்த மூலையில் கட்டுவது என்றுகூடச் சந்தனமாரி முடிவு செய்துவிட்டாள்.

ஆடி முழுக்கப் பொறுத்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால்காய்ச்சு வைத்தார்கள். முந்தின நாள் சாரல் விடவேயில்லை. வாழைமரம் வாங்கப் பேச்சிராஜ் தென்காசிக்குப் போயிருந்தான். சந்தனமாரி புது வீட்டைத் துடைத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தால், உள்ளே கணுக்கால் தண்ணீர். அடுப்பு கரைந்து கிடந்தது. பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை.

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. பிள்ளையையும் பால் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு புது அடுக்களைக்குப் போனாள். மூன்று செங்கல்லைக் கூட்டி, காய்ந்த தென்னம்பாளையைப் பற்ற வைத்தாள். எத்தனையோ வீட்டுக்குக் கல் சுமந்தவள்தான், ஒரு வீட்டிலும் பால்காய்ச்சுக்கு உள்ளே நின்றதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சுகிற பால் கணக்கில் சேராது என்று நினைத்துவிட்டாள், பாவி மகள். பிள்ளை வீறிட்டு அழுதது. தூக்கப் போன நேரத்தில் பால் பொங்கி, நாலு பக்கமும் வழிந்தது.

கோலமாவும் கையுமாகச் சங்கரேஸ்வரி வந்து நின்றது அப்போதுதான்.

"ஏட்டி! என்ன காரியம் பண்ணிட்டே!"

"அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல்க்கா. அங்கன அடுப்பு பத்தல."

"இது உன் வீடாட்டி? மொதப் பால் எவ பொங்க வைக்காளோ, அவ வீடுல்லா!" சங்கரேஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது. போலீஸ்காரர் பெண்டாட்டி. முப்பது வருஷம் ஓட்டைக் குவார்ட்டர்ஸில் பாத்திரம் வைத்து மழைத்தண்ணீர் பிடித்தவள். "நான் இந்த ஒரு நாளைக்குத்தானடி காத்துக் கெடந்தேன்."

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. மாப்பு குடுங்க."

"இனி நீ இங்கன இருந்தா எனக்கு அந்த நெனப்புதான் வரும். போயிருட்டி."

சங்கரேஸ்வரியைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வயிறு எரிகிறது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சந்தனமாரிக்கு ஒரு வீடு சொந்தமானது. சொந்தமானதாலேயே அவளைத் துரத்தினார்கள்.

திரும்பி வந்த பேச்சிராஜ் நடந்ததைக் கேட்டுக்கொண்டான். தூக்கி வந்த வாழைமரங்களை வாசலில் கட்டி முடித்துவிட்டுத்தான் கொட்டகையைப் பிரித்தான்.

மறுநாள் காலையில் அவர்கள் இலஞ்சிப் பக்கம் இன்னொரு நகரில் இருந்தார்கள். கூரை மட்டும் போட்ட வீடு. கதவு, ஜன்னல் எதுவும் இல்லை. வெளியே மழை. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

"உள்ள நனையாமத்தான இருக்கு. அடுப்பப் பத்த வச்சுப் பாலைக் காய்ச்சு" என்றான் பேச்சிராஜ்.

சந்தனமாரி செங்கற்களைப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலிருந்த கூரையைப் பார்த்தாள்.

"வேண்டாம். பொங்கிட்டுன்னா?"

பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, பச்சைப் பாலை டம்ளரில் ஊற்றிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். குளிரில் உதடு நடுங்க, பிள்ளை அதைக் குடித்தது.