ஜன்னலோரம் போட்ட கைக்குட்டை

"ஆயி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் மனுஷியா நடந்துக்கோ. ஓடற வண்டியில குதிச்சு ஏறாதே" என்று என் மகள் ருதுஜா முந்தின நாளே கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவள் பயம் நியாயம்தான். சங்கேத்துக்கு இவளைப் பிடித்திருக்கிறது, இவளுக்கும் அவனை. அவன் அம்மா ஷாலினிபாய் சம்மதிப்பதுதான் பாக்கி. அமராவதியிலிருந்து மும்பை வந்து சர்ச்கேட் பக்கம் தம்பி வீட்டில் தங்கியிருந்தார். விராரில் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவு சொல்வதாகப் பேச்சு. டாக்ஸி பிடிக்கிறேன் என்றால், "எதுக்கு வைஜயந்திபாய்? நீங்க தினமும் போற வண்டியிலயே போவோம்" என்றுவிட்டார். என் நேரம்!

பதினாலு வருஷமாக வீடு திரும்ப எனக்குச் சாயங்காலம் 5.50 விரார் ஃபாஸ்ட் லோக்கல் ரயில்தான். பெண்கள் பெட்டி, இடது பக்கம், ஜன்னலோரம். அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டதில்லை. தினமும் சேர்ந்து போகிற எங்கள் கோஷ்டியில் வசாய் ஃப்ளேவி உண்டு, பாயந்தர் பாரதிபென் உண்டு. கல்யாண நாள், காய்ச்சல் எதற்கும் விட்டதில்லை. விட்டால் ஒன்றரை மணி நேரம் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், அதுவும் யாருடைய காலோ!

ஷாலினிபாய் நீலப் புடவையில், ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். சர்ச்கேட் நடைமேடையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் அவசரமில்லை. வண்டி நிக்கட்டும், எல்லாரும் ஏறட்டும், நாம நிதானமா ஏறுவோம்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வண்டி உள்ளே வந்தது. பெட்டி என்னைத் தாண்டிப் போயிற்று. அவ்வளவுதான் தெரியும். கம்பியைப் பிடித்ததும் தெரியாது, குதித்ததும் தெரியாது. மூச்சு வந்தபோது சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஜன்னலோரம் என் கைக்குட்டை. ஜன்னலுக்கு வெளியே, கூடையோடு, வாயைத் திறந்தபடி ஷாலினிபாய்.

அடி பாவி வைஜயந்தி!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இறங்கலாமென்றால் வாசலில் ஏறுகிற கூட்டம் எறும்பைக்கூட வெளியே விடாது. தொண்டை கிழியக் கத்தினேன்: "ஃப்ளேவீ! நீலப் புடவை! ஆரஞ்சுக் கூடை! உள்ளே இழு!"

வாசலில் நின்ற ஃப்ளேவி திரும்பிப் பார்த்தாள். "யாருடி அது?"

"ருதுஜாவோட மாமியார் ஆகப்போறவங்க!"

"அவங்களையா விட்டுட்டுக் குதிச்சே? உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

திட்டிக்கொண்டேதான் இழுத்தாள். பின்னாலிருந்து பாரதிபென் தள்ளினாள். முன்பின் தெரியாத நாலு பேர் கூடையைத் தலைக்கு மேலே கை மாற்றி அனுப்பினார்கள். ஷாலினிபாய் வந்து சேர்ந்தபோது கொசுவம் கலைந்திருந்தது, கொண்டை அவிழ்ந்திருந்தது, ஒரு காலில் செருப்பில்லை. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். வண்டி புறப்பட்டது.

"மன்னிச்சுக்குங்க. வேணும்னு செய்யலை. கால் தானா போயிடுச்சு" என்றேன்.

ஷாலினிபாய் கொண்டையை முடிந்துகொண்டார். முகம் ஜன்னல் பக்கம்.

போன் அதிர்ந்தது. ருதுஜா. "குதிச்சியா?" என்று கேட்டிருந்தாள்.

"இல்லை" என்று அனுப்பினேன். வேறென்ன சொல்ல? என் காலே என் மகள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டது என்றா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மும்பை சென்ட்ரல், தாதர், பாந்த்ரா எல்லாம் போயின.

அந்தேரி தாண்டியதும் ஷாலினிபாய் திடீரென்று என் பக்கம் திரும்பிக் கேட்டார். "உங்க பொண்ணும் இப்படித்தான் குதிப்பாளா?"

பொய் சொல்லலாம். ஆனால் கல்யாணமான முதல் நாளே தெரிந்துபோகுமே.

"என்னைவிட வேகமா குதிப்பா" என்றேன்.

"ம்" என்றார். ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். "இந்த ஜன்னல் இடம் உங்க இடம்தானே? உங்க சிநேகிதி என்னை இழுக்கிறப்பவே சொன்னா. 'பதினாலு வருஷத்துல எனக்கே குடுத்ததில்லை, உங்களுக்குக் கைக்குட்டை போட்டு வெச்சிருக்கா பாருங்க'ன்னா."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தது இரண்டாவது சீட்டில். ஜன்னலில் கைக்குட்டையைப் போட்டது யார்? நான்தான். எப்போது போட்டேன்? சத்தியமாகத் தெரியாது.

"கையை விட்டுட்டீங்க. கோபம்தான். செருப்பு வேற புதுசு" என்று பாதிப் பழத்தை என் கையில் வைத்தார். வாயில் போட்டேன். ருசி தெரியவில்லை. சரி என்கிறாரா, இல்லை என்கிறாரா?

போரிவலி நெருங்கியது. யார் எங்கே இறங்குவார் என்று முதலில் கேட்டு வைப்பவளுக்குத்தான் அந்த சீட், இது எங்கள் வண்டியின் சட்டம். நின்றுகொண்டிருந்த ஒருத்தி ஷாலினிபாயின் தோளைத் தட்டினாள்.

"அக்கா, நீங்க எங்க இறங்குவீங்க? போரிவலியா?"

ஷாலினிபாய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். செருப்பில்லாத காலைக் கூடைமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"விரார்" என்றார் பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி. "சம்பந்தி வீட்டுக்குப் போறேன். எழுந்திருக்கமாட்டேன், வேற ஆளைப் பாரு."

வாசல் பக்கமிருந்து ஃப்ளேவி விசில் அடித்தாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"குதிச்சேன்" என்று ருதுஜாவுக்கு அனுப்பினேன்.