வெர்லனின் வெண்ணெய் டப்பா

மகள் டார்சிக்கு மறுநாள் கல்யாணம். அன்று இரவு விருந்துக்கு முப்பது பேர். அத்தனை பேருக்கும் தன் கையால் பிடித்த கெளுத்தியைத்தான் பொரித்துப் போடுவேன் என்று வெர்லன் டட்டில் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மீன் வராவிட்டால் பீட்சாக் கடைக்குப் போன் போடுவதாக மனைவி நோரீன் எச்சரித்திருந்தாள். கெளுத்திக்குப் பேர்போன டென்னசியில் பிறந்தவன் சம்பந்தி வீட்டாருக்கு பீட்சா போடுவதா? அதைவிட ஏரியில் குதித்துவிடலாம்.

அந்தச் சம்பந்திதான் இப்போது படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆர்விட், மினசோட்டாக்காரர். வந்த அன்றே, "எங்க ஊர்ல கெளுத்தி சிக்கினா திருப்பித் தண்ணியிலேயே விட்டுருவோம். அது சேத்து மீனுங்க" என்று சொல்லி வெர்லனின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். அவர் வாயாலேயே நல்ல பேர் வாங்க வேண்டும் என்றுதான் வெர்லன் அவரைப் படகில் ஏற்றினார்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஏரிக்கு அடியில் கிடக்கும் பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் நங்கூரம் இறக்கினார்கள்.

"இரையைப் பாத்தீங்கன்னா அசந்துருவீங்க சம்பந்தி. சாசேஜ் இறைச்சியைத் துண்டு போட்டு, பூண்டும் ஸ்ட்ராபெர்ரிப் பொடியும் போட்டு மூணு நாள் ஊற வச்சிருக்கேன்."

"மீனுக்கா, மனுஷனுக்கா?"

வெர்லன் பெருமையாக டப்பாவைத் திறந்தார். முகம் சுருங்கிவிட்டது. உள்ளே சாசேஜ் இல்லை. சிவப்பு மிளகாய் போட்டுப் பிசைந்த சீஸ். நோரீன் நேற்று பாதி நாள் உட்கார்ந்து துருவியது. இரவு விருந்துக்கு வைத்திருந்தது.

அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஆறு வெண்ணெய் டப்பாக்கள் உண்டு, எதிலும் வெண்ணெய் கிடையாது. ஒன்றில் பீன்ஸ், ஒன்றில் குழம்பு, ஒன்றில் வெர்லனின் நாற்றம் பிடித்த இரை. இருட்டில் கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தால் இப்படித்தான்.

"திரும்பிப் போயிரலாமா?" என்றார் ஆர்விட்.

"போயிட்டு வர்றதுக்குள்ள உச்சிப் பொழுதாயிரும். அப்புறம் ஒரு மீனும் வாயத் திறக்காது."

ஆர்விட் தன் சாண்ட்விச்சைப் பிரித்து, உள்ளே இருந்த சீஸை மட்டும் இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்தார். "சின்ன வயசுல இருந்தே எனக்கு இந்த வாடை ஆகாது. ஆனா மீனுக்கு என்ன தெரியும்? இந்த ரொட்டியோட சேத்துப் பிசைஞ்சு உருட்டிப் பாருங்களேன்."

வெர்லன் டப்பாவைப் பார்த்தார். நோரீனின் சீஸ்! ஆனால் வேறு வழி தெரியவில்லை. பிசைந்தார், உருட்டினார், தூண்டிலில் குத்தி இறக்கினார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கழி வளைந்தது.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச நேரமில்லை. ஒன்று மாற்றி ஒன்றாக மீன்கள் மீசையை ஆட்டிக்கொண்டு மேலே வந்தன. ஆர்விட் முதல் மீனை ஆசையாகக் கையில் பிடித்து, முள் குத்தி, "ஐயோ!" என்று அலறினார்.

"சேத்து மீன்னு சொன்னீங்கள்ல, அதான் கோவம் வந்துருச்சு!" வெர்லன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரிய்யா, மன்னிப்புக் கேட்டுக்கறேன். அடுத்ததப் போடுங்க!"

பத்து மணிக்கு இருபத்தெட்டு மீன். டப்பா வழித்துத் துடைத்தாற்போல் காலி.

கரை நெருங்க நெருங்க வெர்லனின் சிரிப்பு வடிந்தது. "சம்பந்தி, நோரீனுக்குத் தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணத்துல பொண்ணோட அப்பன் இருக்க மாட்டான்."

படகுத் துறையில் நோரீன் இடுப்பில் கைவைத்து நின்றாள். "என் சீஸ் எங்கய்யா? உப்புப் பாக்கலாம்னு திறந்தா உன் நாத்த டப்பா. பாவம், நாய்கூட ஓடிருச்சு."

வெர்லன் வாயைத் திறப்பதற்குள் ஆர்விட் குறுக்கே வந்தார். "நான்தாங்க தின்னுட்டேன். பசி. கொஞ்சம் ருசி பாப்போம்னு ஆரம்பிச்சேன், நிறுத்த முடியல."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும்."

நோரீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மீன்களை வாங்கிக்கொண்டு போனாள்.

இரவு விருந்தில் சோளமாவில் புரட்டிய கெளுத்தி மலைபோல் குவிந்திருந்தது. எல்லாரும் பார்த்திருக்க, நோரீன் புதிதாகப் பிசைந்த சீஸை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து ஆர்விட் முன்னால் வைத்தாள். "உங்களுக்காகவே செஞ்சேன் சம்பந்தி. சாப்பிடுங்க."

வெர்லன் கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்துவிட்டார். ஆர்விட் ஒரு கணம் டப்பாவைப் பார்த்தார், பிறகு கரண்டியை எடுத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொள்ள, "பிரமாதம்" என்று சொல்லிச் சொல்லி, அடிவரை தின்று முடித்தார். முடித்த கையோடு கெளுத்தித் தட்டை இழுத்து வைத்து நாலு துண்டைக் காலி செய்தார். "இதச் சேத்து மீனுன்னு எந்த மடையன் சொன்னான்?"

பாத்திரம் கழுவும்போது வெர்லன் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "நோரீன், அந்த சீஸ் வந்து..."

"எனக்குத் தெரியும். மீனக் கழுவும்போது பாத்தேன். ஒவ்வொண்ணு வயித்துலயும் என் சீஸுதான்."

"தெரிஞ்சுமா அந்த மனுஷனுக்கு ஒரு டப்பா கொடுத்த?"

நோரீன் தட்டைத் துடைத்து அடுக்கினாள். "சீஸ் வாடையே அவருக்கு ஆகாதுன்னு மாப்பிள்ளை எப்பவோ சொல்லிட்டாரு. அப்படியும் உனக்காகப் பொய் சொன்னாரு. அந்தப் பொய்ய எதுவரைக்கும் காப்பாத்துவாருன்னு பாத்தேன்." துணியை ஓரமாகப் போட்டாள். "நம்ம பொண்ணு நல்ல வீட்டுக்குத்தான் போறாய்யா."