டிரம் ஆடிய வழக்கு

சலவைக்கூடத்துக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் துணி துவைக்கும் மெஷினின் பெரிய டிரம் சுழன்றால் இந்தப் பக்கம் அலமாரியில் தட்டுகள் பேச ஆரம்பித்துவிடும். ஈரத் துணியை ஒரு பக்கமாகத் திணித்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். டிரம் நிலைகொள்ளாமல் தொம் தொம்மென்று குதிக்கும். சுவரில் மாட்டிய கல்யாணப் படம் கோணிக்கொள்ளும்.

அவள் கணவர் அங்கே டிரம்காரராக இருந்தவரை அந்தப் படம் கோணியதில்லை. துணியின் கனத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, போர்வைக்கு எதிரே போர்வை, துண்டுக்கு எதிரே துண்டு என்று, சண்டை போடும் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பதுபோல் அடுக்குவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு சிவப்பு சாக்ஸால் வேலை போனது.

விடுதி ஒன்றின் வெள்ளை விரிப்புகள் அத்தனையும் ஒரு நாள் ரோஸ் நிறத்தில் வெளியே வந்தன. அடியில் ஒரு சிவப்பு சாக்ஸ் ஒன்றுமே தெரியாததுபோல் சுருண்டு கிடந்தது. அது எப்படி உள்ளே போனது என்று தொடங்கிய பேச்சு, கணவரின் கண்பார்வை, முதலாளியின் கஞ்சத்தனம் என்று வளர்ந்து கூரையைத் தொட்டது. இந்தப் பக்கம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"நாளையிலருந்து இந்தப் பக்கமே வந்துடாதே!"

"கூப்பிட்டாலும் வரமாட்டேன்!"

இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. எது முந்தியது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

மறுநாளிலிருந்து கணவர் வீட்டில் உட்கார்ந்தார். தெருவையே சிரிக்க வைக்கும் மனிதர், சுவரில் பல்லி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் அவளே மனு கொடுத்துவிட்டு வந்தாள். நஷ்ட ஈடெல்லாம் வேண்டாம், அவருக்கு வேலை திரும்ப வேண்டும், அவ்வளவுதான். முதலாளி வக்கீல் வைத்துப் பதில் அனுப்பினார்: யாரும் அவரை நீக்கவில்லை, அவராகவே நின்றுவிட்டார்.

"நானா நின்னேன்? துரத்திட்டு இப்போ கதை விடறாரா?" என்று கணவர் குதித்தார்.

அந்த நேரம் பார்த்துச் சுவர் தொம்மென்றது. படம் கோணியது.

"பாரு, எல்லாத்தையும் ஒரே பக்கமா திணிச்சிருக்காரு. பேரிங் போயிடும்!"

"போகட்டுமே. உங்க மெஷினா?"

"மெஷின் என்னடி பாவம் பண்ணுச்சு?"

செருப்புகூட மாட்டாமல் பின்வாசல் வழியே ஓடினார். திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"பேசினீங்களா?"

"யாரோட? அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்னார். நான் இந்தப் பக்கம் திரும்பி வேலையைப் பார்த்தேன்."

பிறகு அதுவே வாடிக்கையானது. கணவர் முகம் தொங்கி, இந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் எப்போதெல்லாம் அடங்குகிறதோ, அப்போதெல்லாம் டிரம் ஆடியது. மெஷினுக்கும் மனுஷன் மனசு தெரியுமோ என்று அவள் வியந்துகொண்டாள்.

விசாரணை நாளன்று முதலாளி மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தார். பக்கத்தில் கழுத்துப்பட்டை இறுக்கிய வக்கீல். அதிகாரி, சிரிப்பைச் செலவழிக்க விரும்பாத ஒரு பெண்மணி. கோப்பைப் புரட்டிவிட்டு முதலாளியிடம் கேட்டார்.

"அவரா நின்னுட்டாருன்னு சொல்றீங்க. சரி, கடைசியா எப்போ வேலை செஞ்சார்?"

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் முதலாளி சொல்லிவிட்டார். "இன்னிக்குக் காலையிலம்மா."

அவரை அடக்க வக்கீலின் கால் மேசைக்கடியில் பாய்ந்தது. மிதிபட்டது எதிரே இருந்த கணவரின் கால். "ஆ!" என்றார் கணவர்.

"இன்னிக்கா?"

"மேசை விரிப்பு லோடும்மா. டிரம் ஆடுச்சு. வந்து சரி பண்ணிட்டுப் போனார்."

"நேத்து?"

"நேத்தும்தான்."

"ஐயா, தயவுசெஞ்சு நீங்க பேசாம இருங்க," என்று வக்கீல் கெஞ்சினார்.

"ஏன் தம்பி, பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

அதிகாரி கணவர் பக்கம் திரும்பினார். "உங்களை நீக்கிட்டார்னு மனுவில இருக்கு. நீக்கினவர் மெஷினை நீங்க ஏன் போய்ப் பார்க்கிறீங்க?"

"சத்தம் தாங்கலைம்மா. எங்க கல்யாணப் படம் கோணுது."

அதிகாரி பேனாவை உதட்டின்மேல் வைத்துக்கொண்டார். பிறகு முதலாளியிடம், "சலவைக்கூடமே வச்சிருக்கீங்க. டிரம்ல துணி போட உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். அதை அன்றுதான் கண்டுபிடித்தார்கள் என்பதுபோல் அப்படியொரு பார்வை. அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் தன் வீட்டுக்காரர் மறுபடி பல்லியைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். அவள் எழுந்து நின்றாள்.

"தெரியும்மா. இவருக்குக் கத்துக்கொடுத்ததே முதலாளி அண்ணன்தான்."

கணவர் மெல்லத் திரும்பினார். "அப்போ… வேணும்னேவா?"

முதலாளியின் காது அந்த சாக்ஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. "வேற எப்படிடா உன்னைக் கூப்பிடறது? கூப்பிட்டாலும் வரமாட்டேன்னுட்டியே!"

"பேரிங் போயிருந்தா என்ன முதலாளி பண்ணுவீங்க?"

"புதுசு வாங்கியிருப்பேன். உன்னை எங்கடா வாங்கறது?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் செலவழித்ததுபோல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வக்கீல்கூடக் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"இங்கே நீக்கினவரும் இல்லை, நின்னவரும் இல்லை. நான் யாரை விசாரிக்கிறது?" என்று சொல்லிவிட்டு, வேலை இடைவிடாமல் தொடர்கிறது, சம்பளமும் அப்படியே என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

"சாக்ஸ் யாரோடதுன்னும் எழுதிடுங்கம்மா," என்றார் கணவர்.

"அது என் அதிகாரத்துக்குள்ள வராதுங்க. கிளம்புங்க."

முதலாளியின் வண்டியிலேயே திரும்பினார்கள். முன்னால் இருவரும் சாக்ஸைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பின்னால் துணி மூட்டைகளின்மேல் அவள் ராணி மாதிரி சாய்ந்திருந்தாள். எந்தச் சொல் யாருடையது என்று இப்போதும் பிரிக்க முடியவில்லை. பிரிக்க வேண்டியிருக்கவும் இல்லை.

விடுதிக்காரர்கள் வேண்டாமென்ற ரோஸ் விரிப்புகளில் சில அவள் வீட்டுக்கு வந்தன. நல்ல துணி, இத்தனை வருஷம் கழித்தும் நைந்து போகவில்லை. கணவர்தான் இப்போது இல்லை. டிரம்மை வேறொருவர் பார்க்கிறார், கெட்டிக்காரர்தான். ஆனாலும் எப்போதாவது, அவள் சும்மா உட்கார்ந்து பல்லியைப் பார்க்கத் தொடங்கும் வேளையில், சுவர் தொம்மென்கிறது. அவள் எழுந்து படத்தை நேராக்கிவிட்டுக் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டுகிறாள்.

"சரி பண்றேன் தங்கச்சி!" என்று அந்தப் பக்கத்திலிருந்து முதலாளியின் வயதான குரல் கேட்கிறது.

சரி பண்ண அவர் அவசரப்படுவதில்லை. அவளும் அவசரப்படுத்துவதில்லை.