திருகோணமலைக்குப் போன மொறிஸ் மைனர்

சில்வெஸ்டர் இஞ்சின் அறையில் வேலை பார்க்கும் கப்பல் மாவு மூட்டைகளோடு திருகோணமலைக்கு வருகிறது என்று செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. வியாழன் பகல் மட்டும் கரையில் இறங்கலாம். அன்று பின்னேரமே கப்பல் புறப்பட்டுவிடும். கல்லடிக்கு வீடு தேடி வந்துபோக அவனுக்கு நேரமில்லை. மனைவி செசீலியாதான் போய்ப் பார்க்க வேண்டும்.

பஸ்ஸை நம்பினால் போய்ச் சேருமுன் பொழுது பட்டுவிடும். வீட்டில் பழைய மொறிஸ் மைனர் நின்றது. அவன் வாங்கியது, அவளுக்கு ஓட்டப் பழக்கியதும் அவன்தான். ஆனால் போன கிழமை கல்லடிப் பாலத்தடியில் எதிரே வந்த லொறிக்கு வழிவிட அவள் பிறேக்கை மிதித்தபோது, கால் அடித்தட்டு வரை போய்விட்டது. திரும்பத் திரும்ப மிதித்த பிறகே கார் நின்றது. திருகோணமலை வீதியிலோ பல ஆறுகளுக்குப் பாலமில்லை. 'பாதை' என்கிற மிதவையில் காரை ஏற்றித்தான் கடக்க வேண்டும். அதில் ஏறும்போது பிறேக் பிடிக்காவிட்டால் நேரே தண்ணீர்தான்.

கராஜில் ஒரு கிழமைக்குக் காரை விடச் சொன்னார்கள். அவள் காத்தான்குடிக்குப் போய், கச்சி முகம்மதுவின் மோட்டார் சாமான் கடையில் பிறேக் ஒயில் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடான காலம். அவர் தட்டுக்குப் பின்னால் துழாவி, தூசி படிந்த ஒரு டின்னை எடுத்து வைத்தார்.

"மாப்புள வந்துட்டாரா புள்ள?"

"இல்ல, முகம்மது நானா. நான்தான் மாத்தப்போறன்."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "பெயின்ற்றுல பட்டுராமப் பாத்துக்கங்க. உரிச்சிப்போடும்," என்று மட்டும் சொன்னார்.

அந்த வேலை அவளுக்குத் தெரியும். கப்பலுக்குப் போகுமுன் சில்வெஸ்டர் வீட்டிலேயே ஒயில் மாற்றினான். அவன் காருக்கு அடியில் கிடந்தான். அவள் சீற்றில் இருந்து பிறேக்கை மிதித்தாள். அதிகம் கதைக்காத மனுசன். அன்று மட்டும் நாலு சில்லுக்கும், "அமத்து செசி... புடி... இப்ப விடு செசி," என்று சொல்லிக்கொண்டே கிடந்தான். அந்தக் குரலின் வரிசையிலேயே வேலை முழுவதும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

புதன் காலை அடுத்த வளவுக் கண்ணகையைக் கூப்பிட்டாள். வாவியில் மீன் பிடிக்கும் சாமித்தம்பியின் பெண்சாதி. கார்ச் சீற்றில் அவள் அதுவரை இருந்ததேயில்லை. செசீலியா கால்விரிப்பைத் தூக்கி, அடித்தட்டிலிருந்த மூடியைத் திறந்து புது ஒயிலை ஊற்றினாள். பிறகு சாக்கை விரித்து, பின்பக்க இடது சில்லுக்கு உள்ளே தவழ்ந்து போனாள். சில்லின் பின்னால், பழைய ஒயிலை வெளியே விடுகிற துளையுள்ள சிறு ஆணியில் றப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைக் குப்பிக்குள் விட்டாள்.

"கண்ணகை, அமத்து."

"எதையக்கா? மூணு கிடக்கு."

"நடுவில உள்ளத."

"அமத்திட்டன்."

"புடிச்சிக்கொண்டிரு. சொல்லுமட்டும் விட்டிராத."

ஆணியை ஸ்பனரால் கொஞ்சம் தளர்த்தினாள். குமிழி குமிழியாகக் காற்றும், கொதித்த தேத்தண்ணி நிறத்தில் பழைய ஒயிலும் வந்தன. அதை இறுக்குமுன்னே குழாய்க்குள் ஒயில் பின்னுக்கு ஓடியது.

"விட்டுட்டயா?"

"ஐயோ அக்கா, இவர்ர தோணி வருகுதா எண்டு பாத்தன்." கண்ணகை மறுபடி அமத்தினாள். "பின்னேரத்துக்குள்ள அந்தாளக் காணாட்டி எனக்கு நெஞ்சு அடிக்கும். நீங்க எப்புடியக்கா ரெண்டு வருசமா இரிக்கிற?"

செசீலியா குழாயை மறுபடி குப்பிக்குள் சரியாக்கினாள். தன் முகத்தை யாரும் பார்க்க முடியாதது நல்லது என்று பட்டது. அன்று அவனும் இதனால்தான் அத்தனை தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டானோ? போகப்போகிறவன், அடியில் கிடந்து, முகத்தை மறைத்துக்கொண்டு? அவள் அப்போது, வேலை எப்போது முடியும் என்று கால்வலியோடு இருந்தாள்.

"அக்கா, அமத்திக்கொண்டுதான் இரிக்கன்," என்றாள் கண்ணகை.

"ஓம். இந்தா."

மத்தியானத்துக்குள் நாலு சில்லும் முடிந்தன. பிறேக் கல்லுப்போல நின்றது.

வியாழன் விடிய இருவருமாகப் புறப்பட்டார்கள். ஓட்டமாவடியும் மாங்கேணியும் கழிந்து முதல் பாதைக்கு வந்தபோது, சரிவுப் பலகைகள் நனைந்திருந்தன. கண்ணகை கண்ணை மூடிக்கொண்டாள். கார் இறங்கி, மிதவையில் ஏறி, முன் சங்கிலிக்கு ஒரு சாண் இருக்க நின்றது.

சில்வெஸ்டர் துறைமுக வாசலில் வெயிலில் நின்றான். மெலிந்திருந்தான். "நான் கொஞ்சம் கடலப் பாத்திட்டு வாறன்," என்று கண்ணகை இறங்கிப் போய்விட்டாள். அவன் சாரதிச் சீற்றில் ஏறி, பழக்கத்தில் பிறேக்கை மிதித்துப் பார்த்தான். மறுபடியும் மிதித்தான்.

"ஆர் செய்த?"

"நான்தான். கண்ணகை அமத்தினா."

அவள் கையை எடுத்து, நகங்களுக்குள் இருந்த கறுப்பைப் பார்த்தான். "அப்ப இனி நான் என்னத்துக்கு?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

வழியெல்லாம் அவள் சேர்த்து வைத்திருந்த கதைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. "அடியில கிடக்கிறவருக்கு அமத்த ஒராள் வேணும்தானே," என்றாள். "அடுத்த தரம் நீங்க சீற்றுல இருங்க. நான் கூப்பிடுறன்."

அவன் அவள் கையை விடவில்லை. கட்டிக்கொண்டு வந்த சோற்றைக் காருக்குள்ளேயே தின்றார்கள். கூரை ஒழுகுவதைப் பற்றி, அவன் அறையில் காற்றில்லாததைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார்கள். அவள் தோளில் தலையைச் சாய்த்து அவன் சற்று உறங்கியும் போனான். அவள் அசையாமல் இருந்தாள். கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகு ஊதியபோது திடுக்கிட்டு எழும்பி, "வாறன் செசி," என்று இறங்கி நடந்தான்.

கிண்ணியாப் பாதைக்குக் காத்து நின்றபோது விரிகுடாவைக் கடந்து ஒரு கப்பல் வெளியே போனது.

"அதுதானோ அக்கா?"

"தெரியா. இருக்கும்."

இருவரும் இறங்கிக் கரையில் நின்று பார்த்தார்கள். மேல்தட்டில் ஆட்கள் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். இஞ்சின் அறையில் இருப்பவன் மேலே வரமாட்டான் என்று தெரிந்தும் செசீலியா கையை உயர்த்தி அசைத்தாள். மறுபடி எப்போது வருவான் என்று கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாதைக்காரன் காரை ஏற்றச் சொல்லிக் கூப்பிட்டான். கப்பல் முனையைத் தாண்டி மறையும்வரை அவள் திரும்பவில்லை.