கோட்டையின் தெற்கு வாசல்

லண்டன் மோர்டன் வீட்டு முன்னறையில் அன்று நான்கு பேர். யன்னலோரக் கதிரையில் ஞானேஸ்வரன், சோபாவில் அவன் மனைவி வேதவல்லி, மாடிப்படியில் சப்பாத்தைக் கழற்றாமலே அவளுடைய தமையன் பாலேந்திரா. சாப்பாட்டு மேசையில் பேனாவோடு ஞானேஸ்வரனின் அக்கா நகுலேஸ்வரி.

நால்வரும் சேர்ந்து பிரான்சில் ஒரு சிறிய கோட்டை வாங்கியிருந்தார்கள். 1638இல் கட்டியது, புரட்சியில் பாதி எரிந்து, பிறகு குதிரை லாயமாகக் கிடந்தது. திருத்தி முடிந்ததும் வேதவல்லியின் மகளுக்கு அங்கேயே கலியாணம் வைக்க இருந்தார்கள். அதைத் திருத்த அனுமதி எடுக்க, பதினெட்டு வருடம் பாரிசில் இருந்த நகுலேஸ்வரி இரண்டு வருடமாகப் பிரெஞ்சில் பதினொரு கடிதம் எழுதினாள். இப்போது பழங்கட்டட அலுவலகம் கேட்கிறது: தெற்கு வாசலை அடைத்தது யார்? நாளை மறுநாளுக்குள் பதில் அனுப்பாவிட்டால் அனுமதி இல்லை.

"வாங்கேக்கையே அடைச்சுத்தான் கிடந்தது எண்டு எழுதுங்கோ, அக்கா," என்றான் ஞானேஸ்வரன்.

"அடைச்சது நீ. அதுவும் சீமெந்துக் கல்லால. சுண்ணாம்புச் சுவரெல்லாம் ஈரம் ஏறிக் கிடக்காம்."

"தெற்கு வாசலுக்குள்ளால கலியாணப் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வாறதோ, மச்சாள்?" என்றாள் வேதவல்லி.

"நானூறு வருசமாச் சனம் அதுக்குள்ளாலதான் போய் வந்தது."

"அதுதான் எரிஞ்சது."

பாலேந்திரா சிரித்தார். நகுலேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பைத் திறந்து ஏழாவது கடிதத்தின் பிரதியைத் தம்பியின் முன்னால் போட்டாள். அதோடு அனுப்பிய படத்தில் தெற்கு வாசல் திறந்திருந்தது; நடுவில் இடுப்பில் கை வைத்தபடி ஞானேஸ்வரன்.

"இது அவையளிட்டையும் கிடக்கு. இனிச் சொல்லு, என்ன பொய் எழுதிறது?"

அவன் கூரையைப் பார்த்தான்.

"உள்ளதை எழுதுங்கோ," என்றார் பாலேந்திரா. "எனக்கு நாலு மணிக்கு ஷிப்ட்."

அவள் எழுதினாள்: நாங்கள்தான் அடைத்தோம், எங்கள் நம்பிக்கையால் செய்த பிழை, இந்த மாதத்துக்குள் சீமெந்தை எடுத்து வாசலைத் திறந்து, நீங்கள் சொல்லும் கொத்தனாரைக் கொண்டு அதன் ஓரங்களைச் சுண்ணாம்புச் சாந்தால் பழையபடி கட்டுவோம். ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

"அப்ப பிள்ளை எதுக்குள்ளால வாறது?" வேதவல்லி விடவில்லை.

"கிழக்கில, சமைக்கிற பக்கம், குசினி வாசல் இருக்கு."

"கோட்டை வாங்கிப்போட்டுக் குசினிக்குள்ளாலயோ?"

"அல்லது கலியாணத்தை இங்க லூயிஷாம் கோயிலில வை. அனுமதி போனால் எனக்கு இன்னொரு பதினொரு கடிதம் எழுத ஏலாது."

பாலேந்திரா நின்றபடி கையெழுத்திட்டார். வேதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டே போட்டாள். கடைசியாக ஞானேஸ்வரன் பேனாவை வாங்கினான்.

"நான் போற வழியில போட்டுவிடட்டோ?" என்றார் பாலேந்திரா.

"வேண்டாம். உங்களில ஒருத்தரையும் நம்பேலாது."

உறையை ஒட்டி, விளிம்பை இரண்டு தரம் அழுத்தி, தபாற்கந்தோருக்குத் தானே நடந்து போய்ப் பதிவுத்தபாலில் சேர்த்தாள்.