கழலும் பக்கம்

கண்ணாடிக்காரர் எட்டு மாதமாக ஒரு கார் செய்துகொண்டிருந்தார். ஏறி உட்காரும் கார் இல்லை. அசல் பந்தயக் காரில் எட்டில் ஒரு பங்கு. சாப்பாட்டு மேசையில் வைத்தால் இரண்டு தட்டு இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பகலெல்லாம் கடையில் ஊரார் மூக்குக் கண்ணாடிகளுக்கு ஸ்க்ரூ முடுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்தால் பின்னறையில் இதற்கு முடுக்குவார். "பொம்மைக்கு இவ்வளவு சீராட்டு. சமையலறைக் குழாய் மூணு மாசமா ஒழுகுது, அதைக் கேட்க நாதியில்ல" என்பாள் மனைவி. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

காரைக் கேட்டவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். ஒரு காலத்தில் அசல் காரை ஓட்டியவர் அவர்தான். அதற்கு மெக்கானிக்காக இருந்தவர் நம் கண்ணாடிக்காரர். அப்போது வயது இருபத்து நாலு, கையெல்லாம் கிரீஸ், மண்டையெல்லாம் கர்வம். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பந்தயத்தின் மூன்றாவது சுற்றில், வளைவில் திரும்பாமல் கார் நேரே போனது. தடுப்பை உடைத்து, அங்கே கொடி பிடித்து நின்ற ஆளை அடித்து, தீப்பிடித்துக்கொண்டது. அத்தானை வெளியே இழுத்துப் போட்டுவிட்டார்கள். கொடிக்காரர் அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

தலையில் பட்ட அடியில் அத்தானுக்கு அந்தச் சுற்றே ஞாபகம் இல்லை. விசாரிக்க வந்தவர்கள் சாலையைப் பார்த்தார்கள். டயர் தேய்ந்த தடம் ஓரடிகூட இல்லை. ஓட்டியவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். காரோ கரிக்கட்டை, அதைப் பிரித்துப் பார்த்துச் சாட்சி கேட்க வழியில்லை. அத்தான் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். கட்டுப் பிரிக்காத கையோடு கொடிக்காரர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி முன்னால் நின்று, "நான்தாம்மா கொன்னுட்டேன்" என்றார். அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் அத்தான்" என்று கண்ணாடிக்காரர் எத்தனையோ தடவை ஆறுதல் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு நிற்கவும் இல்லை. ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், வருடத்துக்கு ஒருமுறை கொடிக்காரர் வீடு என்று எல்லா இடத்துக்கும் தன் காரில் அவரை அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுவார். கொடிக்காரர் வீட்டில் மட்டும் இறங்க மாட்டார். அத்தான் உள்ளே போய்விட்டு வரும்வரை காரில் பேப்பர் படிப்பார். அக்கா குடும்பத்துக்குத் தான் செய்யும் உபகாரம் என்று உள்ளூர ஒரு மிதப்புகூட இருந்தது. அதை இப்போது நினைத்தால் அவருக்கே கூசும்.

"கண்ணை மூடுறதுக்குள்ள அந்த வண்டியை ஒரு தடவை பார்க்கணும் மச்சான். ஒரு போல்ட்கூட மாறக்கூடாது" என்று அத்தான் கேட்டபோது அக்கா சண்டைக்கே வந்துவிட்டாள். "எரிஞ்சு போன சனியனை எதுக்குடா திரும்ப வீட்டுக்குள்ள கொண்டுவர்ற?" தம்பி கேட்கவில்லை. அந்தக் கைக்கு அப்படி ஒரு வேலை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அலுமினியத் தகட்டை மர அச்சின் மேல் வைத்துத் தட்டித் தட்டி உடம்பைச் செய்தார். பழைய கண்ணாடிக் கூட்டின் தோலைச் சீவி ஸ்டீயரிங்குக்குச் சுற்றினார். மூக்குக் கண்ணாடி ஸ்க்ரூக்கள் அசல் போல்ட்டில் சரியாக எட்டில் ஒரு பங்கு இருந்தன. யாரோ இதற்கென்றே அளந்து செய்தது போல. பார்த்துச் செய்யப் பந்தயத்தன்று காலையில் எடுத்த நாலு போட்டோ கைவசம் இருந்தது. ஒன்றில் சக்கரங்களைக் கழற்றிய கார், பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய அவரே நிற்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை முன்சக்கரங்களின் பிரேக்குக்கு வந்தார். பந்தயக் காரில் பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முடுக்கினால் மட்டும் போதாது, அதிர்வில் கழலும். அதனால் இரண்டு போல்ட்டின் தலையிலும் துளையிட்டு, கம்பியை விட்டு முறுக்கி, ஒன்றோடு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். வலப் பக்கத்தைப் போட்டோவில் உள்ளபடியே கட்டினார். கம்பியை இழுத்தபோது போல்ட் இன்னும் கொஞ்சம் இறுகியது. பிறகு இடப் பக்கம். அதையும் போட்டோவில் உள்ளபடியே கட்டி, இழுத்து முறுக்கினார்.

போல்ட் அவர் கண்ணெதிரே மெல்லத் திரும்பியது. கழலும் பக்கமாக.

கை தவறியிருக்கும் என்று அவிழ்த்து மறுபடி கட்டினார். மறுபடியும் அதே கதை. லென்ஸை எடுத்துப் போட்டோவின் மேல் வைத்தார். தவறு இன்றைக்கு நடந்ததில்லை. இடப் பக்கக் கம்பி, வலப் பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல, அச்சு அசலாகத் திருப்பிப் போட்டபடி இருந்தது. கார் இடமும் வலமும் ஜோடியாக இருக்கலாம். போல்ட்டின் திருகு மரை அப்படி இல்லை. போல்ட் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே திசையில்தான் இறுகும். அன்று காலை அவர் முன்னால் நின்று பார்த்தால் இரண்டு சக்கரமும் ஜோடிப் பொருத்தமாக, அழகாக இருக்க வேண்டும் என்று கட்டியிருந்தார். கழலாமல் பிடிக்க வேண்டிய கம்பி, போல்ட்டைக் கழற்றிவிடும் பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. போல்ட் விழுந்து, பிரேக் பிடுங்கிக்கொண்டு, குழாய் அறுந்து, நாலு சக்கரத்துக்கும் பொதுவான பிரேக் எண்ணெய் கொட்டியிருக்கும். அப்புறம் மனிதர் எவ்வளவு மிதித்தால்தான் என்ன? தடம் எப்படி விழும்?

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பாவம் இருந்த இடம் தன்னுடைய பத்து விரல் என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கம்பியை அவிழ்த்து, இறுகும் பக்கமாகத் திருத்திக் கட்டினார். போட்டோவை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். யாருக்குத் தெரியப்போகிறது? அத்தானுக்கும் பழகிப்போயிருக்கும். கொடிக்காரர் திரும்பியா வரப்போகிறார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நாலு நாள் முட்டி மோதினார். சாப்பாடு இறங்கவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இடக் கண் கண்ணாடியை வலக் கண்ணில் பொருத்திக் கொடுத்து வசவு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தானும் அக்காவும் வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் கார் நின்றது. அத்தான் விரல் நுனியால் அதன் மூக்கிலிருந்து வால்வரை தடவினார். அப்புறம் குழந்தை மாதிரி லென்ஸைக் கேட்டு வாங்கி, குனிந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் கம்பியை வேற மாதிரி கட்டியிருக்கே?" என்றார். "அன்னைக்கு ரெண்டும் ஜோடியா இருக்குமே. என் மச்சான் கைவேலைடான்னு நான் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்."

மறந்துவிட்டேன் அத்தான் என்று சொல்லத்தான் கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அந்தப் பெருமையைக் கேட்ட பிறகு பொய் வரவில்லை. போட்டோவை எடுத்து வந்து மேசையில் வைத்தார். கம்பியைக் காட்டினார். போல்ட்டைக் காட்டினார். விட்டு விட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அத்தான் ஒரு ஸ்க்ரூவை எடுத்து, விரலுக்கிடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிப் பார்த்தார்.

"எப்போ தெரிஞ்சுது?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்கு ஞாயிறு."

"ஆமா அத்தான்."

அத்தான் அவரை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "நான் மிதிச்சிருக்கேன்டி" என்றார். "நான் மிதிச்சிருக்கேன்." அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். தம்பி பக்கம் அவள் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கண்ணாடிக்காரருக்கு.

கொஞ்ச நேரம் கழித்து அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினார். "சாவியைக் குடு."

தெருவில் கார் இரண்டு தடவை குலுங்கி நின்றது. மூன்றாவது தடவை கிளம்பியது. அத்தான் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஒவ்வொரு முனையிலும் தேவைக்கு மேல் மெதுவாகப் போனார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பக்கத்து இருக்கையில் கண்ணாடிக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சிடுங்க அத்தான்" என்று ஒரு தடவை சொன்னார். அத்தான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கே போகிறோம் என்று கேட்க இவருக்குத் துணிவு வரவில்லை. மூன்றாவது திருப்பத்தில் கேட்காமலே தெரிந்துவிட்டது.

கொடிக்காரர் வீட்டு வாசலில் வண்டி நின்றது.

"அன்னைக்கு நான் தனியா போய்ச் சொன்னேன்" என்றார் அத்தான். "போ."

"நீங்களும் வாங்களேன் அத்தான்."

"மாட்டேன்."

கண்ணாடிக்காரர் இறங்கினார். கேட்டிலிருந்து கதவு வரை பத்து எட்டு நடந்தார். தட்டினார். கொடிக்காரரின் மனைவி கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. இவர் யார் என்று தெரியாமல் இவரைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். காரில் உட்கார்ந்திருந்தவரை அடையாளம் கண்டதும் முகம் மாறியது.

"அவரா ஓட்டிட்டு வந்தாரு?" என்றாள் நம்ப முடியாமல். "இனிமே வண்டியே தொட மாட்டேன்னு அன்னைக்கு என்கிட்ட அழுதாரே. நானும் சரின்னு சொன்னேனே. இப்ப எப்படி மனசு வந்துச்சு அவருக்கு?"

கண்ணாடிக்காரர் கைகூப்பினார்.

"அவரைத் திட்டாதீங்கம்மா" என்றார். "உங்க வீட்டுக்காரரைக் கொன்னது நான்."